மரம் பக்கத்து வீட்டோடது... பைக் நம்மளது!

ராத்திரி பூரா காத்து, மழை. காலேஜ் பஸ்ஸை விட்டாச்சு, சரி பைக்கை எடுத்துட்டுப் பறக்கலாம்னு கீழே இறங்கினா... பைக்கைக் காணோம். திருட்டெல்லாம் இல்லை பாஸ். பைக் வெச்ச இடத்துலதான் இருக்கு. அதுக்கு மேல பக்கத்து வீட்டு முருங்கை மரம் ஹாயா படுத்திருக்கு!

அடுத்த பத்து நிமிஷத்துல என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம பக்கத்துல இருந்து, ''உங்க மரம்தானே? நீங்கதான் செலவைக் கொடுக்கணும்!'' அந்தப் பக்கத்துல இருந்து, ''காத்துக்கு விழுந்ததுக்கு நாங்க என்னப்பா பண்றது? கடவுள்கிட்ட போய்க் கேளு!'' அப்புறம் அம்மாக்கள் பேச்சை நிறுத்துவாங்க, அப்பாக்கள் சத்தத்தைக் கூட்டுவாங்க, தெருவே பால்கனிக்கு வந்துடும்.

இதுல சட்டம் யார் பக்கம்? நான் மூணாம் வருஷ சிவில் இன்ஜினீயரிங். எனக்குத் தெரிஞ்ச 'சிவில்' எல்லாம் சிமென்ட், கம்பி, கான்கிரீட்தான். ஆனா, இந்த ஒரு கேள்விக்காக 'சிவில் வழக்கு' பக்கமும் போய் எட்டிப் பார்த்தேன். நம்பினா நம்புங்க... ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸைவிட சுவாரஸ்யமா இருக்கு!

மரம் விழுந்தா கேஸ் ஜெயிக்குமா?

முதல்ல ஒரு மூடநம்பிக்கையை உடைச்சுடலாம். 'மரம் அவங்களது, அதனால நஷ்டமும் அவங்களது' - இது சட்டம் இல்லை. அதேபோல 'இயற்கையா விழுந்துச்சு, அதனால யாருக்கும் பொறுப்பு இல்லை' - இதுவும் சட்டம் இல்லை. ரெண்டு பேருமே பாதி ரைட், பாதி ராங்!

இந்த மாதிரி நஷ்ட ஈடு விஷயங்களுக்கு நம்ம நாட்டுல தனியா ஒரு புத்தகமா எழுதி வெச்ச சட்டம் கிடையாது. இங்கிலாந்து கோர்ட்டுகள் சொன்ன கொள்கைகளை நம்ம கோர்ட்டுகளும் பெரும்பாலும் எடுத்துக்கிட்டு, நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி பயன்படுத்துறாங்க. அந்தக் கொள்கையோட சாராம்சம் ஒரே கேள்விதான்...

'இந்த மரம் ஆபத்தா இருக்குன்னு மரத்துக்காரருக்குத் தெரியுமா? அல்லது, தெரிஞ்சிருக்கணுமா?'

தெரிஞ்சும் சும்மா இருந்தா, அது கவனக்குறைவு. பணம் கொடுக்கணும். பச்சைப் பசேல்னு நல்லா நின்ன மரம் திடீர்னு விழுந்தா, பொறுப்பு இல்லை.

1926-ல இங்கிலாந்துல நோபிள் - ஹாரிஸன்னு ஒரு வழக்கு. ரோட்டுக்கு மேல நீட்டிக்கிட்டிருந்த ஒரு பீச் மரத்தோட கிளை, காத்தே இல்லாத ஒரு நல்ல நாள்ல ஒடிஞ்சு, கீழே போன மோட்டார் கோச் மேல விழுந்துச்சு. கிளைக்கு உள்ளே விரிசல். ஆனா, வெளியே இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது. 'பார்த்தாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாத குறைக்கு மரத்துக்காரர் பொறுப்பில்லை'ன்னு கோர்ட் முடிச்சுடுச்சு.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். குஜராத்தில் உள்ள ராஜ்கோட்ல, 1975-ல ஒருத்தர் ஆபீஸ் முடிஞ்சு ரயிலைப் பிடிக்க நடந்து போய்க்கிட்டிருந்தார். ரோட்டோர மரம் ஒண்ணு திடீர்னு மேல விழுந்து, ஆஸ்பத்திரியில இறந்துட்டார். அவரோட மனைவி மாநகராட்சி மேல வழக்குப் போட்டாங்க. கீழ் கோர்ட், ஹைகோர்ட் ரெண்டும் நஷ்ட ஈடு தரச் சொல்லுச்சு. ஆனா, 1997-ல சுப்ரீம் கோர்ட் அதை மாத்திடுச்சு. அந்த மரம் பட்டுப்போயிருந்துச்சு, விழப்போறது மாநகராட்சிக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நிரூபிக்கப்படலை. ஊர்ல இருக்கிற ஒவ்வொரு மரத்தையும் நாள் தவறாம காவல் காக்கணும்னு சொன்னா மத்த வேலை எதுவும் நடக்காதுன்னும் கோர்ட் சொல்லுச்சு.

படிக்கும்போது மனசு கனத்துப்போச்சு. ஒரு குடும்பம் இருபது வருஷத்துக்கும் மேல கோர்ட் படி ஏறி, கடைசியில 'யார் மேலயும் தப்பு இல்லை'ன்னு கேட்டா எப்படி இருக்கும்? ஆனா, அந்தத் தீர்ப்புக்குள்ளேயே நமக்கான பாடம் இருக்கு. தோத்ததுக்குக் காரணம் மரம் இல்லை... ஆதாரம்!

கட்டடம்னா கதையே வேற!

டெல்லி சாந்தினி சௌக்ல இருந்த மணிக்கூண்டு இடிஞ்சு விழுந்து உயிர்கள் போன வழக்குல, 1966-ல சுப்ரீம் கோர்ட் மாநகராட்சிதான் பொறுப்புன்னு அடிச்சுச் சொல்லுச்சு. அந்தக் கலவையில கட்டின கட்டடத்தோட ஆயுள் 40-45 வருஷம். மணிக்கூண்டுக்கு வயசு 80. ரோட்டோரமா கட்டடம் வெச்சிருக்கிறவர் அதைச் சரியா பராமரிக்கணும். உள்ளே ஒளிஞ்சிருந்த குறைன்னு சாக்கு சொல்லித் தப்பிக்க முடியாது. மரத்துக்கு அந்த அளவு கடுமை இல்லை. கட்டடம் மனுஷன் கட்டினது, அதோட வயசும் ஆயுளும் கணக்குல இருக்கு. மரம் தானா வளர்ற உயிர். உங்க பைக் மேல பக்கத்து வீட்டு மரத்துக்குப் பதிலா மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் விழுந்திருந்தா, கேஸ் இன்னும் ஸ்ட்ராங்!

காத்து மேல பழி போடலாமா?

'கடவுள் செயல்'ங்கிற வாதம் சட்டத்துலயே இருக்கு. மனுஷ முயற்சியால தடுக்கவே முடியாத இயற்கைச் சீற்றம்னா, யாரும் பொறுப்பில்லை. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டப்போ, நல்லா திடமா நின்ன மரங்களே ஆயிரக்கணக்குல வேரோட சாய்ஞ்சுது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல்ல டெல்டாவுல தென்னந்தோப்பு தோப்பா படுத்துச்சு. அந்த மாதிரி நாள்ல பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பிடிச்சா, கேஸ் நிக்கிறது கஷ்டம்.

ஆனா, வருஷா வருஷம் வர்ற ஐப்பசி மழையும், ஆடிக் காத்தும் 'கடவுள் செயல்' இல்லை பாஸ். அதை யாரும் எதிர்பார்க்கலாம். ஏற்கெனவே கரையான் அரிச்சு, அடி உளுத்துப்போய் நின்ன மரத்தைக் காத்து தள்ளிவிட்டா, காத்து கடைசியா ஒரு தட்டு தட்டுச்சு, அவ்வளவுதான். நஷ்டத்துக்குக் காரணம் அந்த உளுத்த மரத்தை அப்படியே விட்டதுதான்.

இதுல நம்ம முருங்கை ஒரு ஸ்பெஷல் கேஸ். 'முருங்கை பருத்தா தூணாகுமா?'ன்னு பழமொழியே இருக்கு. அது பொசுக்குனு ஒடியும்னு பாட்டிக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். 'எனக்குத் தெரியாதே'ன்னு சொல்றது கொஞ்சம் கஷ்டம்!

தேங்காய் கணக்கு

இங்கேதான் இன்ஜினீயரிங் மூளை முழிச்சுக்குது. மட்டையோட ஒன்றரைக் கிலோ இருக்கிற ஒரு தேங்காய், 15 மீட்டர் உயரத்துல இருந்து விழுதுன்னு வெச்சுக்குங்க. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல. அதுல இருக்கிற ஆற்றல் சுமார் 220 ஜூல். 140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கிரிக்கெட் பந்தோட ஆற்றலை மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! பெட்ரோல் டேங்க் நெளியும், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பொத்தல் ஆகும். தலைன்னா... வேண்டாம், விடுங்க.

தென்னை விழுறது ஆச்சர்யம். ஆனா, தேங்காய் விழுறது ஆச்சர்யமே இல்லை. நெத்து காய் முத்தினா விழும்னு தென்னை வெச்சவருக்குத் தெரியாதா என்ன? அதனால, உங்க வீட்டு மேல சாய்ஞ்சு நிக்கிற தென்னையில் இருந்து காயும் மட்டையும் விழுந்து ஷீட் உடைஞ்சா, 'முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்'ங்கிற கேள்விக்குப் பதில் சுலபம். 'ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் விட்டுக் காய் வெட்டுங்க, இல்லைன்னா வலை கட்டுங்க'ன்னு கேட்கிறது நியாயமான கோரிக்கை.

கிளை நம்ம பக்கம்... கத்தி எடுக்கலாமா?

எடுக்கலாம்! இதுக்கு 1894-95-ல லெமன் - வெப் வழக்குன்னு இங்கிலாந்துல ஒரு கிளாசிக் இருக்கு. எல்லையைத் தாண்டி வந்த பக்கத்து நிலத்து மரக்கிளைகளை ஒருத்தர் சொல்லாமக்கொள்ளாம வெட்டிட்டார். மரத்துக்காரர் வழக்குப் போட்டார், தோத்தார். 'வருஷக்கணக்கா அப்படித்தான் தொங்குது'ங்கிற வாதமும் எடுபடலை. தன் நிலத்துக்குள்ளே நின்னுக்கிட்டு, தன் எல்லைக்குள்ளே வந்த கிளையை வெட்டுறதுக்கு முன்னறிவிப்புகூட தேவையில்லைன்னு தீர்ப்பு.

ஆனா, சில கண்டிஷன் இருக்கு மக்களே...

எல்லைக்கோடு வரைக்கும்தான் வெட்டலாம். ஒரு அடி தாண்டினாலும் தப்பு உங்க மேல.

அவங்க காம்பவுண்டுக்குள்ளே ஏறிக் குதிக்கக் கூடாது. உள்ளே போய்த்தான் வெட்ட முடியும்னா, முதல்ல அவங்ககிட்ட சொல்லணும்.

வெட்டின கிளையும் அதுல இருக்கிற காயும் மரத்துக்காரருக்குத்தான் சொந்தம். 1919-ல மில்ஸ் - புரூக்கர் வழக்குல, பக்கத்துத் தோட்டத்துல இருந்து தன் பக்கம் நீட்டின கிளையில இருந்த ஆப்பிளைப் பறிச்சு வித்தவர் காசு கட்ட வேண்டியதாப் போச்சு. ஆக, மாங்காய் அடிக்கிற பார்ட்டிகள் கவனிக்க!

வேர்ல ஆசிட் ஊத்துறது, உப்பு வைக்கிறது, மருந்து குத்துறது எல்லாம் கிரிமினல் வேலை. ஒருத்தர் சொத்தை வேணும்னே நாசம் பண்ணின குற்றமாயிடும். பாதிக்கப்பட்டவரா இருந்த நீங்க, குற்றவாளிக் கூண்டுக்கு மாறிடுவீங்க.

சில மரங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. சந்தன மரத்துல கை வைக்க அரசு அனுமதி வேணும். பனைமரம் வெட்ட 2021-ல இருந்து கலெக்டர் அனுமதி கட்டாயம். நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலைப் பகுதிகள்ல 1955-ம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சொந்த மரமா இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது.

சத்தமே போடாத எதிரி

கிளை கண்ணுக்குத் தெரியும். வேர் தெரியாது. காம்பவுண்டு சுவர்ல கோணல்மாணலா ஒரு விரிசல், செப்டிக் டேங்க் அடைப்பு, தரையில டைல்ஸ் தூக்கிக்கிட்டு நிக்கிறது... இதுக்கெல்லாம் பின்னாடி பக்கத்து வீட்டு அரசோ, ஆலோ இருக்கலாம். களிமண் பூமியில இன்னொரு வில்லங்கமும் உண்டு. மரம் ஈரத்தை உறிஞ்சினா மண் சுருங்கும், மழை வந்தா உப்பும். மேலே நிக்கிற அஸ்திவாரம் பாவம், ஏறி இறங்கி விரிசல் விட்டுடும்.

லண்டன்ல டெலாவேர் மேன்ஷன்ஸ்னு ஒரு குடியிருப்பு. நடைபாதை மரத்தோட வேரால அஸ்திவாரமே விரிசல். மரத்தை எடுங்கன்னு கேட்டாங்க, கவுன்சில் எடுக்கலை. கடைசியில, குடியிருப்பு தரப்பு 5 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டுக்கு மேல செலவு பண்ணி அஸ்திவாரத்தைப் பலப்படுத்துச்சு. 2001-ல அந்தச் செலவைக் கவுன்சில் கொடுக்கணும்னு பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லுச்சு. முக்கியமான பாயின்ட்: அவங்க முன்னாடியே தகவல் சொல்லி, சரிசெய்ய வாய்ப்பும் கொடுத்திருந்தாங்க.

நஷ்ட ஈடு வழக்குக்கு நம்ம நாட்டுல பொதுவா 3 வருஷம்தான் கெடு. ஆனா, வேர் மாதிரி நாளுக்கு நாள் தொடர்ற தொல்லைக்கு, தொல்லை தொடர்ற வரைக்கும் கெடு புதுசு புதுசா ஓடிக்கிட்டே இருக்கும்னு 1963-ம் வருஷ காலவரையறைச் சட்டத்தோட 22-வது பிரிவு சொல்லுது.

ஒரு லெட்டர் போதும்!

இத்தனை வழக்கையும் புரட்டினதுல எனக்குக் கிடைச்ச ஃபார்முலா இதுதான். ஜெயிச்சவங்களையும் தோத்தவங்களையும் பிரிக்கிறது ஒரு துண்டுக் காகிதம். மரம் விழுந்த பிறகு எழுதுற புகார் இல்லை... விழுறதுக்கு முன்னாடி எழுதின லெட்டர்! அது கையில கிடைச்ச நிமிஷத்துல இருந்து 'எனக்குத் தெரியாது'ங்கிற வார்த்தை செல்லாது.

லெட்டர்ல மிரட்டல் வேண்டாம். 'அங்கிள், உங்க வீட்டு மரத்தோட அடிப்பகுதி பொந்து விட்டு, எங்க பக்கம் சாய்ஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடி ஆள் வெச்சுப் பார்த்துடுங்க, ப்ளீஸ்'னு தேதியோட, போட்டோவோட ஒரு வாட்ஸ்அப் போடுங்க. பதில் இல்லையா? அதையே பேப்பர்ல எழுதி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்க. வாடகை வீட்டுல இருக்கிறவங்களும் தாராளமா அனுப்பலாம். அந்த இடத்தை அனுபவிக்கிறவருக்கும் இந்த உரிமை உண்டு. போட்டோ எடுத்த போனை ஃபார்மேட் அடிச்சுடாதீங்க. டிஜிட்டல் ஆதாரத்தைக் கோர்ட்ல கொடுக்கும்போது அதுக்குன்னு ஒரு சான்றிதழும் இணைக்கணும், ஒரிஜினல் இருந்தா நல்லது.

சொல்லியும் கேட்கலை, மரம் இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குதா? அதுக்கும் வழி இருக்கு. அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க மேலயோ, வழியில போறவங்க மேலயோ விழக்கூடிய நிலையில ஒரு மரம் இருந்தா, அதை எடுக்கவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவு போடுற அதிகாரம் நிர்வாகத் துறை மாஜிஸ்திரேட்டுக்கு இருக்கு. முன்னாடி இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133. 2024 ஜூலை 1-ல இருந்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோட 152-வது பிரிவு. நம்ம ஊர்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு கொடுக்கலாம். (லைசென்ஸ் எடுக்கிற ஆர்.டி.ஓ. இல்லைங்க... இது வருவாய்க் கோட்டாட்சியர்!)

பணம் கேட்டு வழக்குன்னா முன்சீஃப் கோர்ட். அதுக்கு முன்னாடி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா லோக் அதாலத்ல சமரசம் பேசலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் போட்டா வழி சொல்வாங்க.

ரோட்டோர மரம்னா கத்தியை எடுக்காதீங்க, போனை எடுங்க. சென்னைன்னா மாநகராட்சியோட 1913. கரன்ட் கம்பியில கிளை உரசுதா? கிட்டவே போகாம மின்வாரியத்தோட 94987 94987.

இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுங்க!

நிஜத்தைச் சொல்லணும்னா, பத்தாயிரம் ரூபாய் பைக் ரிப்பேருக்காக மூணு வருஷம் கோர்ட்டுக்கு அலையிறது யாருக்கும் கட்டாது. ஜெயிச்சாலும் புது பைக் கிடைக்காது. உடைஞ்சதைச் சரிபண்ற செலவுதான் கணக்கு. 'மரம் சாயுது, அங்கே நிறுத்தாதே'ன்னு எச்சரிச்ச இடத்துலயே நிறுத்தியிருந்தா, அதுலயும் கழிப்பாங்க.

சீக்கிரம் காசு வர்ற வழி இன்ஷூரன்ஸ். ஆனா, நம்மள்ல பாதிப் பேர் போலீஸ் பிடிச்சா காட்டுறதுக்காக தேர்டு பார்ட்டி மட்டும் போட்டு வெச்சிருக்கோம். மரம் விழுந்தா அதுல ஒரு ரூபாய் வராது. 'ஓன் டேமேஜ்' சேர்ந்த பாலிசியில புயல், சூறாவளி, வெள்ளம், வெளியில இருந்து வர்ற விபத்துன்னு எல்லாமே அடக்கம். கிளெய்ம் பண்ணினா, நோ கிளெய்ம் போனஸ் போகும். சின்னக் கீறலுக்கெல்லாம் யோசிச்சுக்கோங்க.

வீட்டுக்கு, 2021 ஏப்ரல் 1-ல இருந்து எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுக்கணும்னு வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில, மரம் விழுந்து ஏற்படுற சேதம்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. யார் தப்புன்னு நிரூபிக்கவே தேவையில்லை. பக்கத்து வீட்டோட சண்டையும் இல்லை!

அதுக்காக மரமே வேண்டாமா?

இதைப் படிச்சுட்டு யாராவது வீட்டுல இருக்கிற வேப்ப மரத்தைச் சாய்க்கக் கிளம்பினா, எழுதின எனக்குத்தான் பாவம். சட்டம் கேட்கிறது மரத்தை வெட்டச் சொல்லி இல்லை, பார்த்துக்கச் சொல்லி. மழைக்கு முன்னாடி பட்ட கிளையைக் கழிக்கணும், தென்னைக்கு ஆள் விடணும், அடியில பொந்து இருக்கான்னு தட்டிப் பார்க்கணும். முக்கியமா, மரத்தைச் சுத்திக் கழுத்து வரைக்கும் சிமென்ட் போடக் கூடாது. வேருக்கு மூச்சு முட்டினா மரம் சாயாம என்ன செய்யும்? (சிவில் ஸ்டூடன்ட்டே சிமென்ட் வேண்டாம்னு சொல்றான்னா பார்த்துக்கோங்க!)

இன்னொண்ணு... நாம எப்பவும் 'பக்கத்து வீட்டு மரம்'னே பேசிக்கிட்டிருக்கோம். நம்ம வீட்டு மாமரமும் யாருக்கோ பக்கத்து வீட்டு மரம்தான். அவங்க காம்பவுண்டு மேல அது எவ்வளவு சாய்ஞ்சிருக்கு? இந்த ஞாயித்துக்கிழமை, செல்போனை வெச்சுட்டு ஒரு தடவை மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க!